தரை வண்டும் பருந்து அந்துப்பூச்சியும்: எதை விடுவது, எதைப் பொறுக்குவது?

எள்ளுக் காட்டில் பெரிய பூச்சி எது கண்ணில் பட்டாலும் மிதிச்சுப் போடுறது நம்மில் பலருக்குப் பழக்கம். மிதிக்கும் முன் அது வரவா, செலவா என்று பார்க்க வேண்டும். இதற்கு இரண்டு பூச்சிகளை எடுத்துக்கொள்வோம். இரண்டுக்கும் முட்டை, புழு, கூட்டுப்புழு, முதிர்பூச்சி என நான்கு பருவம் உண்டு. மற்றபடி வாழ்க்கை முறை நேரெதிர்.

ஆறுபுள்ளித் தரை வண்டு: கறுப்பு உடல், முதுகில் ஆறு வெள்ளைப் புள்ளி, சுமார் 4 செ.மீ. நீளம். பறக்காது, ஓடும். புழுக்களையும் மற்ற பூச்சிகளையும் தாடையால் கடித்துத் தின்னும். வரப்போரக் கல், சருகு, புதர் அடிதான் வீடு. வெறுங்கையால் பிடிக்காதீங்க; அமிலத்தைப் பீய்ச்சும், கண்ணில் பட்டால் எரியும்.

பருந்து அந்துப்பூச்சி: முதுகில் மண்டை ஓடு போன்ற குறி இருக்கும். இரவில் தேன்கூட்டுக்குள் புகுந்து தேன் குடிக்கும். நமக்கு நஷ்டம் புழுப் பருவத்தில்தான். எள், கத்தரி, அவரை இலைகளை மொட்டையாக்கிவிடும். வாலில் கொம்பு, பக்கவாட்டில் சாய்ந்த கோடுகள். முற்றினால் விரல் நீளத்தைத் தாண்டும். கூட்டுப்புழு மண்ணுக்குள் இருக்கும்.

அதற்காக இந்தக் குடும்பமே எதிரின்னு சொல்லிட முடியாது. பப்பாளிப் பூவில் மகரந்தம் சேர்ப்பதில் இதன் உறவுக்கார அந்துகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

செய்ய வேண்டியது:

1. செடியடியில் பருத்த கறுப்பு எச்சம் கிடந்தால் மேலே பாருங்க. கொம்புப்புழு இருக்கும். கையால் பொறுக்கினாலே போதும். செடி மேலே இருக்கிற புழு தரை வண்டுக்கு எட்டாது. அது நம்ம வேலை.

2. அறுவடைக்குப் பின் ஆழ உழுதால் கூட்டுப்புழு வெளியே வரும். மைனாவும் கொக்கும் பார்த்துக்கொள்ளும்.

3. அதே உழவு தரை வண்டின் புழுவையும் கலைக்கும். ஆகவே வரப்போரம் ஒரு பட்டையை உழாமல், கொளுத்தாமல் விடுங்க. விஷக் குருணை மண்ணில் விழவே கூடாது.

இன்று அந்தியில் டார்ச்சோடு வரப்பைச் சுற்றி வாங்க. ஓடுவது எத்தனை, இலையில் ஒட்டியிருப்பது எத்தனை என்று எண்ணிக் குறித்து வையுங்கள். வாரம் ஒருமுறை இப்படி எழுதினாலே போதும்; எப்போது புழு பொறுக்க இறங்கணும்னு உங்க நோட்டே சொல்லிடும்.