காட்சித் துண்டுகளுக்கு அடையாளமிடுதல்

திருவனந்தபுரத்தை அடுத்த திருவல்லத்தில், கேரள மாநிலத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தின் சித்ராஞ்சலி ஸ்டூடியோ அமைந்துள்ளது. பிலிம் வழக்கிலிருந்த காலத்தில் இத்தகைய நிலையங்களில் தொகுப்பாளருக்கு வழிகாட்டியவை, பிலிமின் ஓரத்தில் அடிதோறும் பதிந்திருந்த எண்களே. 35 மி.மீ. பிலிமில் ஓர் அடிக்கு 16 படச்சட்டங்கள் உண்டு. வினாடிக்கு 24 ஓடும். முதலில் படிப் பிலிம் வெட்டித் தொகுக்கப்பட்டது. பின்னர் ஓர எண்களை ஒப்பிட்டு மூல நெகடிவ் வெட்டப்பட்டது. ஒட்டுமிடத்தில் படச்சட்டம் வீணாகுமாதலின், எண் பிழைத்து வெட்டிய நெகடிவை முன்போல் இணைத்தல் இயலாது.

இன்று கணிப்பொறியில் ஓர எண்ணின் பணியை நேரக் குறியீடு செய்கின்றது. 01:12:08:14 என்பது 1 மணி, 12 நிமிடம், 8 வினாடி, படச்சட்ட எண் 14 எனப் பொருள்படும்.

தொகுப்பு மென்பொருளில் கடைப்பிடிக்கத்தக்க முறை வருமாறு:

1. துண்டுகளை நாள், காட்சி எண், காமிரா வாரியாகப் பிரித்துப் பெயரிடுக.
2. வேண்டிய பகுதியின் தொடக்கத்தையும் முடிவையும் குறிக்க.
3. சிறந்த நடிப்பு, ஒலிக்குறை முதலிய இடங்களில் வெவ்வேறு நிறக்குறியிட்டுக் குறிப்பெழுதுக.

இக்குறிகளால் காட்சிப்பதிவு வெட்டுண்பதில்லை. தவறான குறியைத் திருத்திக்கொள்ளலாம். ஆயினும், தொகுப்புத் தொடங்கியபின் மூலக் கோப்பின் பெயரையோ இடத்தையோ மாற்றினால், மென்பொருள் அதனைக் காணாது தொடர்பறும். ஆகவே பெயரிடும் பணியைத் தொகுப்பிற்கு முன்னரே முடித்தல் வேண்டும்.