பனிநிலத்தின் வரைபடம்

நுழையும்முன்

முன்பின் அறியாத நிலத்தில் வழிதவறியோர்க்கு வரைபடமே உயிர்த்துணை. ஒரு மலையின் உயரத்தையும் ஓர் ஆற்றின் வளைவையும் தாளில் பதிக்க மாந்தர் பட்ட பாட்டினை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

படமில்லாப் பயணம்

வட அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் அமைந்தது அலாஸ்கா. 1867இல் அமெரிக்கா இந்நிலத்தை இரஷ்யாவிடமிருந்து 72 இலட்சம் டாலருக்கு வாங்கியது. அதன் மலைகளையும் ஆறுகளையும் தொல்குடி மக்கள் நன்கறிந்திருந்தனர். வாங்கியவர்களோ உட்பகுதியைப் பெரிதும் அறியவில்லை. 1896இல் அருகிலுள்ள கனடாவின் குளோண்டைக் பகுதியில் பொன் கிடைத்தது. பல்லாயிரவர் வடக்கு நோக்கி விரைந்தனர். கடக்கத்தக்க கணவாய் எது, படகு செல்லும் ஆறு எது எனக் காட்டும் நம்பத்தகுந்த படம் பல இடங்களுக்கு இல்லை. 1898 முதல் அமெரிக்க நிலவியல் அளவைத் துறை அங்குக் குழுக்களை அனுப்பியது.

மலையுச்சியில் வரைபலகை

அளவையாளர் முக்காலியில் பொருத்திய வரைபலகையுடன் மலையேறினர். இடம் அறிந்த இரு உச்சிகளிலிருந்து மூன்றாம் உச்சியை நோக்கிக் கோடுகள் வரைந்தனர். அக்கோடுகள் வெட்டும் புள்ளியே அதன் இடம். ஏற்றக் கோணத்தையும் தொலைவையும் கொண்டு உயரத்தைக் கணக்கிட்டனர். ஒத்த உயரமுடைய இடங்களை இணைக்கும் சம உயரக்கோடுகள் மலையின் வடிவைத் தாளில் காட்டின. இவ்வாறு உருவானதே தலப்படம்.

1902இல் ஆல்பிரெட் புரூக்ஸ், தல அளவையாளர் ரீபர்ன் ஆகியோரின் குழு, பொதிகுதிரைகளுடன் குக் கடற்கழியிலிருந்து யூக்கான் ஆறுவரை ஒரே கோடையில் அளந்து சென்றது. நிலத்தடி உறைந்திருப்பதால் மழைநீர் உள்ளிறங்காது. எங்கும் சதுப்பு, எங்கும் கொசு. கோடையோ சில திங்களே நீடிக்கும். அரும்பாடுபட்டு உச்சியை அடைந்தபின் முகில் சூழ்ந்தால் அன்றைய உழைப்பு வீணாகும்.

தெளிந்த ஒரு நாழிகை

இவ்விடருக்கு 1910களில் ஜேம்ஸ் பேக்லி ஒரு வழி கண்டார். அகன்ற காட்சியைப் பதிவுசெய்யும் ஒளிப்படக் கருவியை அவர் அளவைப் பணியில் பயன்படுத்தினார். வானம் சிறிதுநேரம் தெளிந்தாலும் போதும்; காட்சி பதிவாகிவிடும். கோடுகளைக் குளிர்காலத்தில் அலுவலகத்தில் அமர்ந்து வரையலாம். பின்னர் வானூர்தி ஒளிப்படங்கள் வந்தன. 2010 முதல், முகிலை ஊடுருவும் ரேடார் அலைகளால் அலாஸ்கா மீண்டும் அளக்கப்பட்டது.

முடிவுறாப் பணி

பனியாற்று நீர் பாயும் ஆறுகள் தடம் மாறுகின்றன. உறைநிலம் உருகிச் சரிகிறது. நேற்றைய படம் நாளைய பயணியைத் தவறான துறைக்கு அழைத்துச் செல்லக்கூடும். ஆகவே, அளந்த நிலத்தை மீண்டும் அளப்பது, பின்வருவோர் உயிர்காக்கும் கடமையாகும்.