உறிஞ்சுவதும் தள்ளுவதும்

பாலக்காட்டிலிருந்து வாளையாறு கடந்து கோவைக்குச் செல்வோர்க்குச் செட்டிப்பாளையம் தொலைவன்று. அங்குள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தளத்தில் கார்கள் விரைவதைக் கண்டு வியப்போர் பலர். எரிபொருள் பம்பு எங்கிருக்கிறது என்று குனிந்து பார்ப்போர் சிலரே.

எரிபொருள் குழாயின் இடையே பொருத்தும் மின்பம்பு, என்ஜினுக்கு அருகில் இருப்பதே நன்று எனத் தோன்றும். அது பிழை. பம்பு தள்ளுவதில் வலிது, உறிஞ்சுவதில் மெலிது. ஆழ்ந்த கிணறுகளில் மோட்டாரைக் கரையில் வைக்காமல் உள்ளே இறக்கி வைப்பது இதனால்தான். எத்துணை வலிய பம்பாயினும் 10.3 மீட்டருக்குக் கீழுள்ள நீரை மேலிருந்து உறிஞ்ச இயலாது. நீரை மேலேற்றுவது உண்மையில் காற்றழுத்தமே.

பெட்ரோலோ நீரினும் எளிதில் ஆவியாவது. உறிஞ்சும் குழாயில் அழுத்தம் குறைய, வெப்பமும் சேர, அது குமிழியாகிறது. குமிழியைத் தள்ளப் பம்பினால் இயலாது, என்ஜின் அணைகிறது. முற்காலத்தில் மலையேறிய அம்பாசிடர் கார்கள், பம்பு என்ஜினோடு ஒட்டியிருந்தமையால், நடுவழியில் நின்றதுண்டு. ஓட்டுநர் பம்பின்மேல் ஈரத்துணியைப் போர்த்திக் காத்திருப்பார். மூணாறு போன்ற உயரங்களில் காற்றழுத்தமும் குறைவாதலால் தொல்லை மிகுதி.

ஆதலால் மின்பம்பின் இடம் காரின் பின்புறம். தொட்டியை அடுத்து, அதன் அடிமட்டத்தினும் தாழ்வாக. சைலன்சரின் வெப்பம் எட்டலாகாது. சாலைக் கல்லும் படலாகாது. விபத்தில் என்ஜின் நின்றவுடன் பம்பின் மின்னோட்டத்தைத் துண்டிக்கும் சுவிட்சும் வேண்டும். இல்லையேல் அறுந்த குழாய்வழியே பெட்ரோல் பீய்ச்சிக்கொண்டேயிருக்கும். ஒரு தீப்பொறி போதும்.

எழுதுக: உங்கள் ஊர்க் கிணற்றில் மோட்டார் எங்கே வைக்கப்பட்டுள்ளது? ஏன்? பெரியோரிடம் கேட்டு ஐந்து தொடர்களில் எழுதுக.