‘எல்போ கிரீஸ்’ எந்தக் கடையில் கிடைக்கும்?



கொழும்புப் பக்கம் ஹோட்டலிலோ வீட்டிலோ வேலைக்குப் போகிற நம் பிள்ளைகளின் காதில் என்றைக்காவது இந்தப் பேச்சு விழலாம்: ‘யூஸ் சம் எல்போ கிரீஸ்’. எல்போ என்றால் முழங்கை. கிரீஸ் நமக்குத் தெரிந்ததுதான். பெக்டரியில் மெஷினுக்குப் போடுகிறார்களே, அதுதான். அப்படியானால் முழங்கையில் பூசுகிற கிரீஸா? இல்லை. அப்படி ஒரு டின் எந்தக் கடையிலும் கிடையாது.

பொருள் என்ன?

கை வலிக்க அழுத்தித் தேய்த்துச் செய்கிற உழைப்புக்குத்தான் இந்தப் பெயர். விறகடுப்பில் கரி பிடித்த சட்டியைச் சாம்பலும் தேங்காய்த் தும்பும் வைத்துத் தேய்க்கும்போது முழங்கை எப்படிப் போய்ப் போய் வருகிறது என்று பாருங்கள். அந்தப் பலம்தான் ‘எல்போ கிரீஸ்’. எந்தப் பவுடர் போட்டாலும் அது இல்லாமல் கரி போகாது என்பது கருத்து.

எங்கிருந்து வந்தது?

இது 300 வருடத்துக்கும் மேலான பேச்சு. இங்கிலாந்துக் கவிஞரும் பாராளுமன்ற உறுப்பினருமான ஆண்ட்ரூ மார்வெல் 1672இல் இதை எழுதியிருக்கிறார். அவர் எழுதியது சட்டி கழுவுவதைப் பற்றி அல்ல, அச்சுக்கூடத்தைப் பற்றி. அந்தக் காலத்தில் அச்சு இயந்திரத்தைக் கையால்தான் இழுக்க வேண்டும். நூறு பாதிரிமாரின் பிரசங்கத்தைவிட, மூலையில் நிற்கும் வாட்டசாட்டமான இரண்டு மூன்று பேர் மையும் முழங்கை கிரீஸும் கொண்டு அதிகக் கேடு செய்துவிடுவார்களாம் என்று கேலியாக எழுதினார்.

1690களின் கடைசியில் லண்டனில் வந்த கொச்சைமொழி அகராதி ஒன்றிலும் இந்தச் சொல் இருக்கிறது. வியர்வையை ஏளனமாகச் சொல்லும் பெயர் என்று அதில் விளக்கம். வியர்வையை நையாண்டி செய்த சொல், இன்று உழைப்பைப் பாராட்டவும் பயன்படுகிறது. பிரெஞ்சுக்காரர் இதையே ‘முழங்கை எண்ணெய்’ என்கிறார்கள்.

இங்கிலாந்துப் பட்டறைகளில் ஒரு குறும்பும் உண்டு. வேலை பழக வந்த பையனிடம், ‘கடைக்குப் போய் ஒரு டின் எல்போ கிரீஸ் வாங்கி வா’ என்று அனுப்புவார்கள். அவன் அலைந்து திரிந்து வெறுங்கையோடு வந்தால் எல்லோரும் சிரிப்பார்கள். தாய்மொழி ஆங்கிலமான பையனே ஏமாந்திருக்கிறான். ஆகவே நம் பிள்ளைக்கு இது விளங்காவிட்டால் அதில் ஒரு வெட்கமும் இல்லை.

எப்படிப் பயன்படுத்துவது?

‘திஸ் பொட் நீட்ஸ் எல்போ கிரீஸ்’ – இந்தச் சட்டியை அழுத்தித் தேய்க்க வேணும்.

‘புட் சம் எல்போ கிரீஸ் இன்டு இட்’ – இன்னும் பலம் கொடுத்துச் செய்.

இரண்டாவது வாக்கியத்தைப் பெரியவர்களிடம் சொல்ல வேண்டாம். ‘நீங்கள் ஒழுங்காக வேலை செய்யவில்லை’ என்று குத்திக் காட்டுவது போலாகிவிடும்.

கவனம்!

சொன்னது விளங்காவிட்டால் தலையை ஆட்டிவிட்டுக் கண்ட போத்தலையும் எடுக்காதீர்கள். ‘சொரி, வட் டு யூ மீன்?’ என்று தைரியமாகக் கேளுங்கள். கழிவறை கழுவும் அசிட்டையும் பிளீச்சையும் ஒருநாளும் சேர்த்து ஊற்றக் கூடாது. நச்சு வாயு கிளம்பும். கறை போகாவிட்டால் அங்கே வேண்டியது இரண்டாவது போத்தல் அல்ல, எல்போ கிரீஸ்தான்.

பயிற்சி

1. வீட்டில் எந்த வேலைக்கு எல்போ கிரீஸ் அதிகம் வேணும்? ஓர் ஆங்கில வாக்கியம் எழுதுங்கள்.
2. அந்த வேலையை வீட்டில் யார் செய்கிறார்கள்? இன்று அதில் பாதியை நீங்கள் செய்து பாருங்கள். பொருள் மறக்கவே மறக்காது!