வானில் வீழ்ந்தவனுக்கு ஒரு நடுகல்

நுழையும்முன்

போரில் வீழ்ந்தவனுக்குக் கல் நட்டு, பெயரும் பீடும் எழுதியது தமிழர் மரபு. மண்ணில் வீழ்ந்தவனுக்கு மண்ணிலேயே கல் எடுக்கலாம். வானில் போரிட்டு மறைந்தவனை எவ்வாறு நினைவில் நிறுத்துவது? வான்போர் ஓவியம் அதற்குரிய வழிகளுள் ஒன்று.

கல் சொல்லும் செய்தி

தேவதானப்பட்டி அமைந்துள்ள தேனி மாவட்டத்தில், வைகைக் கரையோரம் உள்ள சிற்றூர் புலிமான்கோம்பை. 2006ஆம் ஆண்டு அங்குத் தமிழி எழுத்துப் பொறித்த நடுகற்கள் கண்டறியப்பட்டன. அவற்றுள் ஒன்று, கூடலூர் ஆகோளில் இறந்த ஒருவனுக்கு எடுக்கப்பட்டது. அதில் புகழ்மொழியோ உவமையோ இல்லை. வீரனின் பெயர், ஊர், நிகழ்வு ஆகிய மூன்றுமே உள்ளன. இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் அவனை நாம் அறிவதற்கு அவையே போதுமானவையாக இருக்கின்றன.

சிறிநகர் வானில்

1971 டிசம்பர் 14. இந்திய - பாகிஸ்தான் போர் நடந்துகொண்டிருந்தது. பெஷாவரிலிருந்து வந்த ஆறு சேபர் விமானங்கள் சிறிநகர் விமானத்தளத்தைத் தாக்கின. மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்காதலால், பகை விமானங்களின் வருகையை முன்கூட்டியே அறிவது கடினமாக இருந்தது. புறப்பட ஆயத்தமாயிருந்தவர்களுள் ஒருவர், இந்திய விமானப்படையின் 18ஆம் அணியைச் சேர்ந்த நிர்மல்ஜித் சிங் செகோன். பஞ்சாபின் லூதியானா மாவட்டத்தில் பிறந்தவர். அவருடைய தந்தையும் விமானப்படையில் பணியாற்றியவர்.

குண்டுகள் விழுந்துகொண்டிருந்த ஓடுபாதையிலிருந்தே செகோன் தம் நாட் விமானத்தை மேலெழுப்பினார். அவருடன் எழுந்த மற்றொரு விமானம் பார்வையிலிருந்து விலகிப் போகவே, அவர் தனித்துப் போரிட நேர்ந்தது. அவர் ஒரு சேபரைச் சுட்டுத் தாக்கினார் எனவும், மற்றொன்றைத் தீப்பற்றச் செய்தார் எனவும் விருதுச் சான்றுரை கூறுகிறது. இறுதியில் அவரது விமானமும் வீழ்த்தப்பட்டது. விமானத்தின் சிதைவுகள் மலையிடுக்கில் கிடைத்தன. அவரது உடல் கிடைக்கவில்லை. நாட்டின் மிக உயரிய போர்க்கால விருதான பரம்வீர் சக்ரா அவருக்கு வழங்கப்பட்டது. விமானப்படையில் அவ்விருதைப் பெற்றவர் அவர் ஒருவரே.

ஓவியரின் கடமை

வான்போர் சில நிமிடங்களில் முடிந்துவிடுவது. நிழற்படக்கருவிக்கு அரிதாகவே அகப்படுவது. ஆகவே செகோனின் போரை வண்ணத்தில் மீட்டெடுக்க ஓவியர்கள் முயன்றுள்ளனர். இத்தகைய ஓவியர் கற்பனையை மட்டும் நம்ப முடியாது. விமானத்தின் வடிவம், அணியின் குறியீடு, மலைத்தொடரின் அமைப்பு, குளிர்கால ஒளி ஆகிய அனைத்தையும் அவர் ஆராய்ந்தறிய வேண்டும். ஏனெனில், அவ்வகை விமானத்தைச் செலுத்தியவர்களும் அந்த ஓவியத்தைக் காண்பார்கள்.

எடுத்துக்காட்டாக, நாட் விமானத்தின் இறக்கை அகலம் சுமார் 6.7 மீட்டர், சேபரின் அகலமோ சுமார் 11.3 மீட்டர். வீரனைப் பெருமைப்படுத்தும் ஆர்வத்தில் ஓவியர் நாட் விமானத்தைப் பெரிதாக்கிவிட்டால், காட்சி கம்பீரமாகத் தோன்றலாம். ஆனால் செகோனின் செயல் சிறுத்துப்போகும். சின்னஞ்சிறு விமானத்தில், தனியொருவராய், பலரை எதிர்த்தார் என்பதே அச்செயலின் உயிர். ஆதலின் அளவு பிறழாமல் வரைவதே அவருக்குச் செய்யும் சிறப்பாகும்.

எந்தக் கணத்தைத் தீட்டுவது என்பதும் ஓவியர் தெளிய வேண்டிய ஒன்று. பகை விமானம் தீப்பற்றும் காட்சி கண்ணைக் கவரும். எனினும், குண்டுகளுக்கிடையே ஓடுபாதையில் விமானம் விரையும் காட்சியில்தான் செகோன் மேற்கொண்ட முடிவு புலப்படுகிறது. மேலெழாமல் தங்கிவிட அவருக்குக் காரணம் இருந்தது, அவர் தங்கவில்லை.

கல்லறை இல்லாத வீரனுக்கு உண்மை வழுவாத ஓவியமும் ஒரு நடுகல்லே. யார், எங்கே, என்ன செய்தார் என்னும் மூன்றையும் அது பிழையின்றிச் சொன்னால், எஞ்சியதைக் காண்போர் உள்ளம் உணர்ந்துகொள்ளும்.

தெரிந்து தெளிவோம்

செகோன் பணியாற்றிய 18ஆம் அணி, 2020 மே 27 அன்று கோவையை அடுத்த சூலூர் விமானப்படைத் தளத்தில், உள்நாட்டில் உருவான தேஜஸ் விமானங்களுடன் மீண்டும் செயற்படத் தொடங்கியது.