வீட்டு முற்றத்தில் டயர் மாற்ற

ஆனி பிறந்து சாரல் விழத் தொடங்கிவிட்டால், தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் சாலை நாள் முழுக்க நனைந்தே கிடக்கும். பொத்தான் தேய்ந்த மொட்டை டயரோடு அந்தச் சாலையில் பிரேக் பிடிப்பது ஆபத்து. இரு சக்கர வண்டியின் டயரில் பள்ளம் 0.8 மில்லிமீட்டருக்குக் கீழே போகக்கூடாது என்கிறது மத்திய மோட்டார் வாகன விதி. அதைவிடச் சற்று அதிகமாக இருக்கும்போதே, வைகாசியிலேயே மாற்றிவிடுவது நல்லது. சீசனில் பஞ்சர் கடையில் கூட்டம் நிற்கும். அதனால் பலர் வீட்டிலேயே கழற்றிப் பார்க்கிறார்கள். தாராளமாகச் செய்யலாம். ஆனால் இது பலத்தைக் காட்டும் வேலை இல்லை.

டயரின் உள் ஓரத்தில் எஃகுக் கம்பி வளையம் ஒன்று ஓடுகிறது. பீட் என்பார்கள். அது ரப்பரைப் போல இழுபடாது. ரிம்மின் நடுவிலோ சுற்றிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. எதிர்ப்பக்கத்துப் பீட்டை அந்தப் பள்ளத்துக்குள் அழுத்தி வைத்தால்தான் இந்தப் பக்கம் ரிம்மைத் தாண்டி வர இடம் கிடைக்கும். இதைப் புரிந்துகொண்டவர்கள் கை நோகாமல் கழற்றுகிறார்கள். மற்றவர்கள் லிவரை வளைக்கிறார்கள், ரிம்மை நெளிக்கிறார்கள்.

செய்ய வேண்டியவை

• சமதரையில் சென்டர் ஸ்டாண்டு போட்டு, வண்டி சாயாதபடி அடியில் மரக்கட்டை கொடுங்கள். கழற்றும் நட்டு, வாஷர், புஷ் எல்லாவற்றையும் கழற்றிய வரிசையிலேயே ஒரு துணியில் அடுக்குங்கள். செல்போனில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

• கியர் இல்லாத ஸ்கூட்டரின் பின்சக்கரத்துக்கு, பெரும்பாலும் சைலன்சரைக் கழற்றினால்தான் வழி கிடைக்கும். சைலன்சர் ஆறிய பிறகு தொடுங்கள். நடுவில் உள்ள பெரிய நட்டைத் தளர்த்தும்போது ஒருவர் பின் பிரேக்கை அழுத்திப் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் சக்கரமும் கூடவே சுற்றும்.

• வால்வு ஊசியை முழுதாகக் கழற்றிக் காற்றை ஒட்ட வெளியேற்றுங்கள். ஊசியை அழுத்திப் பிடித்து விடுவது போதாது.

• அடுத்தது பீட்டை ரிம்மிலிருந்து பிரிப்பது. டிவிஎஸ் எக்ஸ்எல்லின் 16 அங்குல ஸ்போக் சக்கரத்தில் காலால் மிதித்தாலே பெரும்பாலும் பிரிந்துவிடும். ஸ்கூட்டரின் 10, 12 அங்குல டியூப்லெஸ் டயர்தான் பாடு படுத்தும். ரிம் சின்னது, டயர் ஓரம் விறைப்பு. சுற்றுலா விடுதிகளில் ஓட்டும் ஏடிவி வண்டிகளின் டயரும் இந்த வகைதான். 4 முதல் 7 பிஎஸ்ஐ போலக் குறைந்த காற்றில் ஓடுவதால், கழன்றுவிடாமலிருக்க அதன் பீட்டை இன்னும் இறுக்கமாகச் செய்கிறார்கள். இரண்டுக்கும் வைத்தியம் ஒன்றே. சோப்புத் தண்ணீரை ஓரம் முழுக்கத் தடவிச் சற்று ஊறவிடுங்கள். பிறகு ரிம்மை ஒட்டி டயர் மேல் ஒரு பலகைத் துண்டை வைத்து, இன்னொரு பைக்கின் சைடு ஸ்டாண்டை அதன் மேல் ஊன்றி, பைக்கை மெதுவாகச் சாய்த்து அழுத்துங்கள். பைக்கை ஒருவர் பிடித்துக்கொள்ள, சக்கரத்தை ஒருவர் திருப்ப, இரண்டு பேர் வேண்டும். ஒரே இடத்தில் ஓங்கி அழுத்தாமல் சுற்றிச் சுற்றி வாருங்கள். ஓர் இடத்தில் ‘டப்’பென்று விட்டதும் மற்ற இடங்கள் சுலபமாக இறங்கும்.

• லிவர் போடும்போது எதிர்ப்பக்கத்தை முழங்காலால் பள்ளத்துக்குள் அழுத்திக்கொள்ளுங்கள். மூன்று நான்கு விரற்கடை அளவு மட்டும் தூக்கி, அடுத்த லிவரைச் செருகுங்கள். பாதிச் சுற்று வெளியே வந்ததும் லிவர் லேசாகிவிடும். மீதியைக் கையாலேயே உருவலாம்.

• பழைய டயரையே திரும்பப் போடுவதாக இருந்தால் உட்புறத்தை ஒரு பழைய பருத்தித் துணியால் சுற்றித் துடையுங்கள். ஆலங்குளம், சுரண்டைப் பக்கம் தோட்டத்துக்குப் போய்வரும் வண்டிகளில் சீமைக்கருவேல முள் ஏறி, வெளியே ஒடிந்து, நுனி மட்டும் உள்ளே நின்றுவிடும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. துணி அதில் மாட்டி நிற்கும். கொறடால் உட்புறமாகப் பிடித்து இழுங்கள். ட்யூபுக்கு எத்தனை ஒட்டு போட்டாலும் மறுநாள் காற்று இறங்குகிறது என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்த நுனியைத்தான்.

• குற்றாலம், இலஞ்சி, செங்கோட்டைப் பக்கம் வேறு தொல்லை. ஈரத்தில் ரிம் துருப்பிடித்து, பீட் உட்காரும் இடம் சொரசொரப்பாகி, டியூப்லெஸ் டயரில் காற்று கசியும். உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்துவிட்டே புது டயரை ஏற்றுங்கள். ஸ்போக் சக்கரமானால் உள்ளே ஓடும் ரப்பர் பட்டை கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

• புது டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கத் தயாரிப்பு எண் இருக்கும். 1225 என்றால் 2025-இன் 12-ஆவது வாரம். காசு கொடுக்கும் முன் பாருங்கள். சுழலும் திசைக்கு அம்புக்குறி இருந்தால் அதையும் பாருங்கள்.

• ட்யூபைச் சுருக்கம் போகும் அளவுக்கு மட்டும் ஊதி, லேசாகப் பவுடர் தூவி உள்ளே வையுங்கள். வால்வு நேராக நிற்கட்டும்.

செய்யக்கூடாதவை

• பழைய பஜாஜ் சேட்டக், வெஸ்பா வகை ஸ்கூட்டர்களில் ரிம் இரண்டு பாதிகளாக இருக்கும். சக்கரத்தை டிரம்மோடு பிடிக்கும் நட்டுகள் வேறு, பாதிகளைச் சேர்த்துப் பிடிக்கும் நட்டுகள் வேறு. காற்று இருக்கும்போது பின்னதைத் தளர்த்தவே கூடாது. பாதி ரிம் பிய்த்துக்கொண்டு முகத்தில் அடிக்கும். இந்தப் பட்டியலில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்.

• மண்ணெண்ணெய், இன்ஜின் ஆயில், கிரீஸ் எதையும் வழுக்கலுக்குத் தடவாதீர்கள். ரப்பர் உப்பிக் கெட்டுவிடும். சோப்புத் தண்ணீரே போதும்.

• பீட் உட்கார பெட்ரோல் ஊற்றித் தீ வைக்கும் வித்தையை எந்த வீடியோவில் பார்த்தாலும் செய்யாதீர்கள். கைப்பம்பில் டியூப்லெஸ் டயர் உட்காராது. அதுவரை வீட்டில் செய்துவிட்டு, காற்றடிக்க மட்டும் கடைக்குக் கொண்டுபோவதில் குறைவொன்றுமில்லை.

• பீட் உட்காரவில்லையே என்று காற்றை ஏற்றிக்கொண்டே போகாதீர்கள். டயரில் அச்சிட்ட உச்ச அளவைத் தாண்டக்கூடாது. இறக்கி, சோப்புத் தண்ணீர் தடவி மறுபடி ஏற்றுங்கள். ஏற்றும்போது சக்கரத்தின் மேல் குனியாதீர்கள். உட்கார்ந்த பிறகு ஓட்டும் அளவுக்குக் குறைத்துவிடுங்கள். பல ஸ்கூட்டர்களில் ஒருவர் மட்டும் ஓட்ட முன்னே 22, பின்னே 29 பிஎஸ்ஐ. உங்கள் வண்டியின் ஸ்டிக்கர் சொல்வதே கணக்கு.

• ஸ்க்ரூ டிரைவரை லிவராக்காதீர்கள். கடைசிச் சாண் அளவு ஏறவில்லை என்றால் எதிர்ப்பக்கம் பள்ளத்தை விட்டு வெளியே வந்திருக்கிறது. முரட்டுத்தனமாக நெம்பினால் புது ட்யூபிலேயே ஓட்டை விழும்.

• பக்கவாட்டில் கிழிந்த டயருக்கு ஒட்டுப் போட்டு ஓட்டாதீர்கள். அது தூக்கிப்போட வேண்டிய டயர்.

• பிரேக் ராடு மாட்டினோமா, நட்டு இறுகியதா, சக்கரம் உரசாமல் சுற்றுகிறதா என்று பார்க்காமல் வீட்டை விட்டு வண்டியை எடுக்காதீர்கள். புது டயரின் மேற்பரப்பு வழுவழுப்பாக இருக்கும். முதல் நாளே ஐந்தருவிச் சாலை வளைவுகளில் வண்டியைச் சாய்த்து ஓட்ட வேண்டாம்.

• கழற்றிய டயரைக் கொல்லையில் போட்டு வைக்காதீர்கள். சாரல் தண்ணீர் அதற்குள் தேங்கினால் டெங்குக் கொசு முட்டையிட அதைவிடத் தோதான இடம் இல்லை. போகிக்குக் கொளுத்தலாம் என்று எடுத்து வைப்பதும் வேண்டாம். பஞ்சர் கடையிலோ பழைய இரும்புக் கடையிலோ அன்றைக்கே கொடுத்துவிடுங்கள்.