பைக் ஹெட்லைட்: எல்.இ.டி.யா, ஹாலோஜனா? வாங்கும் முன் ஒரு பாடம்

"அண்ணே, ஹெட்லைட் வெளிச்சமே பத்தல. நல்ல எல்.இ.டி. பல்பா ஒண்ணு குடுங்க." ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் தினமும் கேட்கும் வார்த்தை இது. கடைக்காரரும் ஒன்றை எடுத்துக் கொடுப்பார். பத்து நிமிடத்தில் மாட்டிவிடலாம். ரோடு பளிச்சென்று தெரியும். ஆனால் எதிரே வருகிறவருக்கு என்ன தெரியும்? இந்தக் கட்டுரையில் அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

ஹாலோஜன் பல்பில் ஒரு மெல்லிய டங்ஸ்டன் கம்பிச் சுருள் சூடாகி ஒளிரும். வெளிச்சம் சற்று மஞ்சளாக இருக்கும். எடுக்கும் மின்சாரத்தில் பெரும்பகுதி சூடாகவே போய்விடும். நம் ஊரில் ஓடும் பல பைக்குகளில் இருப்பது 12 வோல்ட், 35/35 வாட்ஸ் கொண்ட எச்.எஸ்.1 வகை. சற்றுப் பெரிய பைக்குகள் சிலவற்றில் 60/55 வாட்ஸ் எச்4 இருக்கும். பல்ப் போனால் சில நூறு ரூபாயில் எந்த ஊரிலும் மாற்றிக்கொள்ளலாம்.

எல்.இ.டி. குறைந்த மின்சாரத்தில் வெள்ளை வெளிச்சம் தரும், நீண்ட நாள் உழைக்கும். 2017 ஏப்ரல் முதல் வரும் புதிய டூவீலர்களில் இன்ஜின் ஓடும்போதெல்லாம் ஹெட்லைட் எரிந்துகொண்டே இருக்கும். அதனால் மின்சாரம் மிச்சமாவது நல்ல விஷயம்தான். ஆனால் கம்பெனியே பொருத்திய எல்.இ.டி. ஹெட்லைட் பழுதானால், பல பைக்குகளில் முழு செட்டையும் மாற்ற வேண்டிவரும். செலவு சில ஆயிரங்களைத் தொடலாம்.

பல்பைவிட முக்கியம் டூம்

பல்ப் வெளிச்சத்தை உண்டாக்கும். அதை ரோட்டில் எங்கே விழவைப்பது என்பதை முடிவு செய்வது டூமுக்குள் இருக்கும் ரிஃப்ளெக்டர். ஹாலோஜன் பல்பின் கம்பிச் சுருள் எந்த இடத்தில் இருக்கும் என்று கணக்குப் போட்டுத்தான் அந்த வளைவைச் செய்திருப்பார்கள். எச்4, எச்.எஸ்.1 பல்புகளில் டிம் சுருளுக்கு அடியில் ஒரு குட்டி உலோகக் கிண்ணம் இருக்கும். அது கீழ்ப்பக்க ஒளியைத் தடுத்து, டிம் வெளிச்சம் மேலே எழாமல் ரோட்டில் மட்டும் விழும்படி செய்கிறது.

அதே டூமில் எல்.இ.டி. பல்பைச் செருகினால், ஒளி வரும் இடமும் அதன் வடிவமும் மாறிவிடுகின்றன. வெளிச்சம் சிதறி மேலே எழும். டிம்மில் போட்டாலும் எதிரே வருபவருக்கு பிரைட் போலவே அடிக்கும். நமக்குப் பக்கத்தில் ரோடு பளபளவென்று தெரிவதால் 'சூப்பர் லைட்' என்று தோன்றும். தூரத்தில் விழ வேண்டிய வெளிச்சம் உண்மையில் குறைந்துகூட இருக்கலாம்.

எதிரே வருபவர் 50 கி.மீ. வேகத்தில் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். கண் கூசி 3 விநாடி ஒன்றும் தெரியவில்லை என்றால், அவர் 40 மீட்டருக்கு மேல் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதற்குச் சமம். அந்த 40 மீட்டருக்குள் சைக்கிளில் போகும் பெரியவர் இருக்கலாம், ரோட்டோரம் நடக்கும் குழந்தை இருக்கலாம். ஏன், நாமே இருக்கலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

மத்திய மோட்டார் வாகன விதி 106-ன்படி, முன்விளக்கின் ஒளி கீழ்நோக்கி இருக்க வேண்டும். விளக்கிலிருந்து 8 மீட்டர் முன்னால், வலது ஓரத்திலிருந்து அரை மீட்டர் தள்ளி, தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணைக் கூசச் செய்யக் கூடாது. அனுமதியில்லாத முறையில் வாகன பாகங்களை மாற்றினால், மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 182ஏ(4)-ன்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்க வழியுண்டு.

வெளிச்சம் குறைவா? முதலில் இதைப் பாருங்க

1. கண்ணாடியைத் துடைங்க. தூசியும் மஞ்சள் பூத்த பிளாஸ்டிக்கும் வெளிச்சத்தை விழுங்கிவிடும்.

2. பேட்டரி, ஹோல்டர், எர்த் வயர் ஆகியவற்றை மெக்கானிக்கிடம் காட்டுங்க. மின்னழுத்தம் 10 சதவீதம் குறைந்தால் ஹாலோஜன் வெளிச்சம் ஏறத்தாழ 30 சதவீதம் குறையும். பல நேரங்களில் குறை பல்பில் இருக்காது, துருப்பிடித்த கனெக்டரில்தான் இருக்கும்.

3. ரிஃப்ளெக்டர் கறுத்திருந்தால் டூமை மாற்றுங்க.

4. பழைய பல்பில் எழுதியிருக்கும் அதே வகை, அதே வாட்ஸில் புதிய பல்ப் வாங்குங்க. 100/90 வாட்ஸ் பல்பைப் போட்டால் ஹோல்டர், வயரிங், ரிஃப்ளெக்டர் எல்லாம் சூட்டில் கெட்டுப்போகும்.

5. ஹாலோஜன் பல்பின் கண்ணாடியை விரலால் தொடாதீங்க. விரலின் எண்ணெய்ப் பசை படிந்த இடம் அதிகம் சூடாகி, பல்ப் சீக்கிரம் போய்விடும்.

வீட்டிலேயே ஒரு சுவர் டெஸ்ட்

இரவில், சமமான தரையில், சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி பைக்கை நேராக நிறுத்துங்க. டயரில் காற்று சரியாக இருக்கட்டும். நீங்கள் சீட்டில் உட்கார்ந்துகொள்ளுங்க. ஹெட்லைட்டின் நடுப்பகுதி தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று இன்னொருவரை அளக்கச் சொல்லி, அதே உயரத்தில் சுவரில் ஒரு சாக்பீஸ் கோடு போடச் சொல்லுங்க. இப்போது டிம்மைப் போடுங்க. வெளிச்சத்தின் மேல் விளிம்பு அந்தக் கோட்டுக்குச் சுமார் 5 செ.மீ. கீழே இருந்தால் சரி. உங்கள் பைக்கின் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்க.

விளிம்பு கோட்டைத் தாண்டி மேலே போனாலோ, விளிம்பே தெரியாமல் சுவர் முழுக்க வெளிச்சம் பரவினாலோ எதிரே வருபவருக்குக் கூசும். பின்னால் ஆள் ஏறினால் பைக்கின் பின்பக்கம் தாழ்ந்து லைட் மேலே தூக்கும். தினமும் இரண்டு பேராகப் போகிறவர்கள், இரண்டு பேரும் உட்கார்ந்தே சோதிப்பது நல்லது.

கடைசியாக, வீட்டில் ஒருவரை பைக்கில் உட்காரவைத்து டிம் போடச் சொல்லிவிட்டு, நீங்கள் 8 மீட்டர் முன்னால் போய் நின்று பாருங்க. கூசினால், ரோட்டில் எல்லோருக்கும் அப்படித்தான் கூசும்.

அப்போ எதை வாங்குவது?

புது பைக் வாங்குகிறீர்கள் என்றால், கம்பெனியே எல்.இ.டி.க்கென்று வடிவமைத்துப் பொருத்திய ஹெட்லைட்டைத் தயங்காமல் எடுக்கலாம். உங்கள் பைக் ஹாலோஜனோடு வந்ததா? அதே ஹாலோஜனில் நல்ல பல்ப், சுத்தமான டூம், சரியான உயரம் இருந்தாலே போதும். எல்.இ.டி. பல்பை மட்டும் வாங்கிச் செருக வேண்டாம். ஏற்கெனவே மாட்டியிருந்தால் பழைய வகைக்கே மாற்றிவிடுங்க, செலவு சில நூறு ரூபாய்தான்.

எதைப் போட்டாலும், எதிரே வண்டி வந்தால் டிம் அடிப்பதை மறக்காதீங்க. இன்றிரவே சுவர் டெஸ்ட் செய்து பாருங்க. இந்தக் கட்டுரையை உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் பகிருங்க.